கரடிப்பள்ளத்துக்குச் சிக்னல் வந்த கதை

மலைகள் நாலு பக்கமும் எழுந்து நின்று நடுவில் ஒரு குழியை விட்டுவைக்க, அந்தக் குழிக்குள் ஒரு நீர்மின் நிலையமும், நிலையத்துக்கென்று ஒரு காலனியும், காலனிக்கென்று ஒரு மனமகிழ் மன்றமும், மன்றத்துக்கென்று கால் ஆடும் ஒரு கேரம் மேசையும் இருந்த கரடிப்பள்ளத்தில், சூரியனே தாமதமாக வந்து சீக்கிரம் கிளம்பிவிடுகிற இடத்தில், செல்போன் சிக்னல் மட்டும் எங்கிருந்து வரும்? வரவில்லை. ஊருலகம் பேசித் தீர்த்த அத்தனை வருஷமும் கரடிப்பள்ளத்தில் போன் என்பது மணி பார்க்கவும் டார்ச் அடிக்கவும் ஆகிற ஒரு சாமானாக இருந்தது.

அதற்காக அங்கிருந்தவர்கள் யாரோடும் பேசாமல் கிடந்தார்கள் என்றில்லை. மலையுச்சியிலிருந்து தண்ணீரை இறக்குகிற பெரிய குழாய்களை ஒட்டிச் செங்குத்தாக ஒரு தண்டவாளம் ஏறும், அதில் இரும்பு வடத்தால் இழுக்கிற ஒரு வண்டி ஓடும், வின்ச் என்பார்கள். உச்சியில் அந்த வடத்தை இழுக்கிற மெஷின் இருக்கும் ஷெட்டில் மட்டும் சிக்னல் கிடைத்ததால், காலையில் காலனி மொத்தமும் தன் போன்களை ஒரு காக்கிப் பையில் போட்டு வின்ச் ஆபரேட்டர் சென்னியப்பன் கையில் கொடுத்தனுப்பும். அவர் பகல் முழுக்க மேலே இருந்து, எவருடைய போன் அடித்தாலும் எடுத்து, "வின்ச்சுலிருந்து சென்னியப்பன் பேசறனுங், சொல்லுங்" என்று கேட்டு வைத்துக்கொண்டு, சாயங்காலம் ஷிப்ட் மாறியதும் பையோடு இறங்கி வந்து வீடு வீடாகச் சேதி சொல்லிவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவார். பிரசவமும் சாவும், பெண் பார்க்க வருகிறார்கள் என்பதும் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்பதும், எல்லாம் அவர் வாய் வழியாகத்தான் கரடிப்பள்ளத்துக்குள் இறங்கின. சேதியில் கூட்டமாட்டார், குறைக்கமாட்டார் என்று அவருக்கு ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரை நம்பாத ஒரே ஆள் அவர் பெண்சாதி மயிலாத்தாள்.

மயிலாத்தாளுக்கு ஒரு தம்பி இருந்தான், நாட்ராயன் என்று, உடுமலையில் டிராக்டர் மெக்கானிக். மயிலாத்தாளின் மகளுக்குக் காதுகுத்த ஒரு ஆனி மாசத்தில் நாள் குறித்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும், வேறு மடி செல்லாது. காதுகுத்துக்கு முந்தின நாள் மழை பிடித்துக்கொண்டு விடாமல் அடித்தது. பொழுது சாய்கிற நேரத்தில் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிய நாட்ராயன், மலைப்பாதையின் கடைசி வளைவுக்கு வந்தபோது மண் சரிந்து அதோடு போய்விட்டான்.

இழவு வீட்டில் அவனுடைய கூட்டாளி ஒருவன் அழுதுகொண்டே மயிலாத்தாளிடம் வந்தான். "பொழுதெறங்கற நேரத்துல மாமன்கிட்டப் போன்ல பேசிட்டு இருந்தானுங்க்கா. 'சரிங் மாமா, சரிங் மாமா'ன்னான். அப்பறங் கொஞ்ச நேரத்துல வண்டிய எடுத்துட்டான்."

மயிலாத்தாள் புருஷனைப் பார்த்தாள். சென்னியப்பன் தரையைப் பார்த்தார். "எனக்கு ஒரு போனும் வரலியே" என்றார்.

அன்றைக்கு அவள் வயிற்றில் விழுந்த கல், பிறகு கரையவே இல்லை. 'வராதே' என்று சொல்லியிருந்தால் எவனாவது 'சரிங் மாமா' என்று சொல்லிவிட்டு வண்டியை எடுப்பானா? ஆசாரிக்குச் சொல்லியாயிற்று, விருந்துக்குக் காய் வந்து இறங்கியாயிற்று, மழையாவது ஒன்றாவது, கிளம்பி வாடா என்று இந்த மனுஷன்தான் வரவழைத்திருக்கிறார், வரவழைத்து மண்ணுக்குக் கொடுத்துவிட்டு இப்போது போனே வரவில்லை என்று சாதிக்கிறார். சோறு போடும்போது கேட்டாள், துணி மடிக்கும்போது கேட்டாள், காய்ச்சலில் அவர் முனகிக்கிடந்தபோதும் கேட்டாள். ஊரார் சேதியை ஒரு சொல் பிசகாமல் கொண்டுவந்து சேர்க்கிற மனுஷன் தன் வீட்டுக்கு மட்டும் அந்த ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார். வரலியே. மகளுக்குக் காதுகுத்து நடக்கவேயில்லை. அவள் வளர்ந்து, பொள்ளாச்சியில் விடுதியில் தங்கி, மூளிக்காதோடு காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

இதில் மயிலாத்தாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றும் உண்டு. மழைக்குச் சில நாள் முன்னால் அவள் வின்ச்சில் ஏறி உச்சிக்குப் போய்த் தம்பிக்குப் போன் போட்டபோது, அவன் வேலை நெருக்குகிறது, அடுத்த முகூர்த்தத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று இழுத்தான். "மாமன் மடி குடுக்க வரலீன்னா எனக்குத் தம்பியே இல்லீன்னு நெனச்சுக்கறேன்" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள். பக்கத்தில் சென்னியப்பன் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கோபத்தில் எந்த அக்காவும் சொல்லுகிற வார்த்தைதானே அது என்று மயிலாத்தாள் அதை எடுத்து மனசின் ஒரு மூலையில் போட்டு, மேலே புருஷன்மீது இருந்த சந்தேகத்தை அடுக்கி வைத்துவிட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் மன்றத்தின் செயலாளரும் ஸ்டோர்கீப்பருமான வேதமுத்து, நெல்லைச் சீமைக்காரர், புது டிவிக்குப் பதிலாக மன்றத்துக்கு ஒரு சிக்னல் பூஸ்டர் வாங்கலாம் என்று முடிவு செய்தார். கரடிப்பள்ளத்துக்காரர்கள் சந்தேகம் என்றால் சாப்பாடு இல்லாமல்கூட இருந்துவிடுவார்கள். மேல்வரிசைக் குவார்ட்டர்ஸுக்கு மட்டும் தண்ணீர் ஏன் முதலில் வருகிறது என்று முப்பது வருஷமாகச் சந்தேகப்பட்டு வருகிறவர்கள் அவர்கள். பூஸ்டர் என்றதும், மன்றத்துக்கு அடுத்த வீடு வேதமுத்து வீடு என்பதால்தானே என்றார்கள். தேனீ செத்துப்போகும், தலைமுடி கொட்டும், நாம் பேசுவதை எவனோ ஒருத்தன் உட்கார்ந்து கேட்பான், அனுமதி இல்லாமல் மாட்டினால் போலீஸ் வரும் என்றார்கள். இத்தனையும் சொல்லிவிட்டு, மாட்டுகிற அன்று ஒருவர் பாக்கியில்லாமல் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

மாட்ட வந்தவன் அஷ்ரப், கோயமுத்தூர்க்காரன், வாயாடி. மன்றத்தைத் திறந்து பூட்டிப் பெருக்குகிற வேலை மயிலாத்தாளுடையது என்பதால் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவளும் அவள்தான். "மூணே சாமானுங்க்கா" என்றான் அஷ்ரப். "வெளிய ஒரு ஆன்டெனா, அது டவர் பேசறதைக் கேக்கும். நடுவுல இந்தப் பெட்டி, அது கேட்டதைப் பெருசாக்கும். உள்ள கூரையில ஒரு ஆன்டெனா, அது உங்க போனுக்குச் சொல்லும். நீங்க பேசறது இதே வழியில திரும்பிப் போகும். அவ்வளவுதான்."

"இல்லாத சிக்னலை இது எப்படிங் உண்டாக்குது?" என்று கேட்டாள் மயிலாத்தாள்.

"இல்லாததை இது உண்டாக்காதுங்க. எங்கியோ மினுக்குனு துளி இருந்தாப் போதும், அதைப் பிடிச்சுப் பெருசாக்கும். ஒண்ணே ஒண்ணு, வெளிய இருக்கறதும் உள்ள இருக்கறதும் ஒண்ணையொண்ணு பார்த்துரக்கூடாது. நடுவுல செவரு வேணும், தூரம் வேணும். இல்லீன்னா தான் சொன்னதையே தான் கேட்டு, அதையே பெருசாக்கி, மறுபடி கேட்டு, கடைசியில ஊளைதான் மிச்சம்."

தண்ணீர்த்தொட்டியின் மேல் ஏறி, மீன்முள்ளைப் போலிருந்த ஆன்டெனாவைக் கம்பத்தில் மாட்டி, கிழக்கே திருப்பினான் அஷ்ரப். டவர் கிழக்கேதான் இருந்தது, கணவாய்க்கு அந்தப் பக்கம். கீழே டிஸ்பென்சரி நர்ஸ் லில்லிபுஷ்பம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல" என்று கத்தினாள். கொஞ்சம் வடக்கே திருப்பினான். "ஒண்ணும் இல்ல." தெற்கே திருப்பினான். "ஒத்தக் கோடு, அதும் போச்சு." சலித்துப்போய் கையை விட்டான், ஆன்டெனா தானாகவே காற்றில் சுழன்று, வெறும் காட்டைத் தவிர வேறெதுவும் இல்லாத மேற்குப் பக்கம் திரும்பி நின்றது. "நாலு கோடு!" என்று லில்லிபுஷ்பம் அலறினாள். "அஞ்சு! எல்லாக் கோடும் விழுந்தாச்சு!"

"அந்தப் பக்கம் டவரே கெடையாதே தம்பி" என்றார் வேதமுத்து.

"கோடு விழுதுல்லங்க. டவர் நமக்கு எதுக்கு?" என்ற அஷ்ரப், நட்டை முறுக்கி, கறுப்புக் கேபிளைச் சுவரோரமாக இறக்கி, மழைத்தண்ணீர் கேபிள் வழியே உள்ளே ஓடிவிடாமல் துளைக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு வளைத்து நுழைத்து, ஓட்டையை அடைத்து, பெட்டியை கேரம் மேசைக்கு மேலே சுவரில் அறைந்து, மன்றத்தின் மறுகோடியில் கூரையில் சின்னக் கிண்ணம் மாதிரி உள் ஆன்டெனாவைக் கவிழ்த்து, பச்சை விளக்கு எரிவதைக் காட்டிவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். மன்றத்துக்குள்ளும் வராந்தாவிலும் மட்டும்தான் கோடு விழுந்தது. அதனால் காலனியின் போன்களெல்லாம் கேரம் மேசைமேல் வந்து குடியேறின. சென்னியப்பனின் காக்கிப் பை மறுநாளிலிருந்து காலியாக மேலே போய்க் காலியாகக் கீழே வந்தது.

முதலில் அடித்தது லில்லிபுஷ்பத்தின் போன். நாகர்கோவிலிலிருந்து அவளுடைய அக்கா. லில்லிபுஷ்பம் வெகுநேரம் பேசினாள், சிரித்தாள், பிறகு போனை வைத்துவிட்டு வந்து, "அம்மைக்கிட்டயும் பேசினேன். புட்டும் பயறும் தின்னுட்டு இருக்கா. நல்ல சொகமாத்தான் இருக்கா" என்றாள். அவளுடைய அம்மா செத்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. "அப்படியா, சந்தோசம், கேட்டதாச் சொல்லு" என்றார்கள் எல்லோரும். வீட்டுக்குப் போகிற வழியில்தான் ஒருவருக்கொருவர் காதைக் கடித்தார்கள்: அது சரி, முதல் போன் ஏன் இவளுக்கு வந்தது? நர்ஸுக்கும் வேதமுத்துவுக்கும் என்ன?

அடுத்தடுத்து எல்லோருக்கும் வரத் தொடங்கியது. இன்றைக்குப் போடுகிற போன்களோடு, சிக்னல் இல்லாத காலத்தில், போன்கள் பையோடு கீழே இறங்கிவிட்ட நேரத்தில் கரடிப்பள்ளத்தைக் கூப்பிட்டு, தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று கேட்டுவிட்டு வைத்தவர்களுடைய போன்களெல்லாம், அந்தந்த வருஷத்துக் குரலோடும் அந்தந்த நாளின் மழை வெயிலோடும் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொருவர் போனிலும் பழசு முன்னால், புதுசு பின்னால் என்று வரிசை தப்பாமல் வந்தன. சம்பளப் பாக்கி சேர்ந்து வருவதற்கு அவர்கள் ஏற்கெனவே ஒரு பேர் வைத்திருந்ததால், இதற்கும் அதையே வைத்தார்கள். அரியர். "எங்க வீட்ல இன்னைக்கு ஒரு அரியர் வந்துச்சுங்" என்று சொல்லிக்கொண்டார்கள். வேதமுத்து ஒருதடவை அஷ்ரப்பைக் கூப்பிட்டு இப்படி இப்படி வருகிறது என்று சொன்னார். "லேட்டா வருதுன்னா அது நெட்வொர்க் பிரச்சனைங்க, பெட்டியில பிரச்சனை இல்லீங்க" என்று அஷ்ரப் வைத்துவிட்டான்.

அரியரின் சட்டதிட்டங்களை அவர்கள் பட்டுப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். அந்தக் காலத்திலேயே யாராவது எடுத்துப் பேசிய போன் திரும்ப வராது. எடுக்காமல் போனதுதான் வரும். நீங்கள் பேசுவது அந்தப் பக்கத்துக்குக் கேட்கும், அவர்களும் பதில் சொல்வார்கள். ஆனால் நடந்தது நடந்ததுதான். டர்பைன் ஹெல்பர் ஒருவர், தம்பி பழைய அரியரில் வந்து ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொன்னதும், அந்தப் பெண்ணின் குணம் தெரிந்தவராக, "வேண்டாண்டா, ஆகாதுடா" என்று தலைதலையாய் அடித்துக்கொண்டு சொல்ல, தம்பியும், "நீ சொன்னாச் சரிண்ணா, விட்டுடறேன்" என்றான். அவர் ஊருக்குப் போய்ப் பார்த்தபோது அந்தப் பெண் வாசலில் நின்று வாங்க மாமா என்றாள். மூன்று பிள்ளைகளும் அப்படியே இருந்தன.

ஆச்சரியம் இரண்டு வாரத்துக்குமேல் தாங்கவில்லை, சந்தேகம்தான் நின்றது. உன் போனில் பழைய குரலில் 'நான்தான்' என்றவள் யார்? வராந்தா மூலைக்குப் போய் ஏன் பேசினாய்? நம் வீட்டுக் கல்யாணத்தைக் கெடுத்துப் பேசின அந்த அரியர் யாருக்கு வந்தது? புருஷனைப் பெண்சாதி வேவு பார்த்தாள், ஜூனியரை சீனியர் வேவு பார்த்தார், கேரம் ஆடுகிறவர்கள் காயைப் பார்க்காமல் மேசையில் கிடந்த போன்களைப் பார்த்துக்கொண்டு ஆடி ஃபவுல் ஆனார்கள்.

மன்றத்தின் கூட்டத்தில் ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தபோது, வாயிலோரம் விளக்குமாற்றோடு நின்றிருந்த மயிலாத்தாள், அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காதவள், முன்னால் வந்தாள்.

"அரியர் வந்தா இங்கியே, எல்லாரும் இருக்கைல, ஸ்பீக்கர்ல போட்டுத்தான் எடுக்கோணும். யாருக்கு வந்தாலுஞ் செரி. ஒளிக்கறதுக்கு ஒண்ணும் இல்லாதவங்களுக்கு என்ன பயம்?"

அந்தக் கடைசிக் கேள்வி இருக்கிறதே, அதற்குப் பதில் சொல்லத் தைரியம் எவருக்கும் இல்லை. ஒருமனதாக நிறைவேறியது. அன்றுமுதல் பழைய எண் ஒன்று மினுங்கினால் வேதமுத்து மேசைமேல் தட்டுவார், எல்லோரும் வந்து சூழ்ந்து நிற்பார்கள், ஸ்பீக்கரைப் போடுவார்கள், பேசி முடிந்ததும் அவர், "சந்தேகம் உள்ளவங்க கேக்கலாம்" என்பார், உள்ளவர்கள் கேட்பார்கள். மற்றவர்கள் தங்கள் தங்கள் சந்தேகத்துக்காகக் கைதூக்கினார்கள். மயிலாத்தாள் தூக்கியது ஒரே ஒரு போனுக்காக. அந்த ஆனி மாசத்துச் சாயங்காலம் தம்பி போட்ட போன் நிஜமாகவே கிடைக்காமல் போயிருந்தால், அது அரியராக வந்தே தீரவேண்டும்; வந்தால் புருஷன் சொன்னது சத்தியம், அவள் அவர் காலில் விழத் தயார். வராவிட்டால் அன்றைக்கே அவர் எடுத்துப் பேசிவிட்டார் என்று அர்த்தம். இதைவிடச் சுத்தமான தராசு சாமிகூடக் கொடுக்காது என்று நினைத்தாள்.

சென்னியப்பனிடம் பேசவேண்டியவர்கள் பகலிலேயே அவரை உச்சியில் பிடித்துவிடலாம் என்பதால் அவருடைய அரியர் கொஞ்சம்தான், கீழே இறங்கின பிறகு வந்த போன்கள் மட்டும். அவற்றையும் மயிலாத்தாள் விடாமல் கூட இருந்து கேட்டாள். அந்த வருஷம் நெருங்கியது. தை வந்தது, சித்திரை வந்தது. வைகாசியில் அவருடைய பெரியப்பா மகன் மாடு கன்று போட்டதைச் சொன்னான். அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வரவேண்டும் என்று வேண்டினாளா வரக்கூடாது என்று வேண்டினாளா என்பது அவளுக்கே தெரியவில்லை. கொஞ்ச நாள் கழித்து மறுபடி அவர் போன் மினுங்கியது. வேதமுத்து மேசையைத் தட்டினார். எல்லோரும் சூழ்ந்தார்கள். பெரியப்பா மகன்தான்: "ஆவணி பொறந்துருச்சு, இன்னும் மனசத் தேத்திக்காம இருந்தா எப்படீங்ணா? மச்சான் போனது போனதுதான். அண்ணியப் பாத்துக்குங்க."

சென்னியப்பன் வைத்தார். வேதமுத்து, "சந்தேகம் உள்ளவங்க கேக்கலாம்" என்றார்.

"எனக்கு இருக்குதுங்" என்றாள் மயிலாத்தாள். இத்தனை வருஷம் ஒத்திகை பார்த்த குரல். "வைகாசியும் வந்துருச்சு. ஆவணியும் வந்துருச்சு. ஆனி எங்கீங்?"

சென்னியப்பன் அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், சுற்றி நின்ற அத்தனை முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

"நீங்க எடுத்துப் பேசியிருக்கறீங்க. மழையில கெளம்பி வாடான்னு சொல்லியிருக்கறீங்க. என்ற தம்பியக் கொன்னுபோட்டு என்ற சோத்தையே தின்னுட்டு இருந்திருக்கறீங்க."

"நான் வரச்சொல்லல" என்றார் அவர்.

அவளுக்கு வேண்டியிருந்தது அவளுக்குக் கிடைத்துவிட்டது. காலனிக்கோ அப்போதுதான் ஆரம்பம். சொந்த மச்சான் போனையே விழுங்கினவர், நம் வீட்டுப் போன் எத்தனையை விழுங்கியிருப்பார்? எங்கப்பா சாகும்போது என்னைத் தேடினாராமே, அந்தச் சேதியை நீ முழுசாகச் சொன்னாயா? என் மாற்றல் உத்தரவைப் பற்றி ஆபீஸிலிருந்து யாரோ முன்கூட்டியே பேசினார்களாமே? எடுத்துப் பேசிய போன் அரியராக வராது என்பதால் எதையும் நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. வந்த அரியரைவிட வராத அரியர்தான் அவர்களைத் தூங்கவிடாமல் அடித்தது. இருபது வருஷம் பிள்ளை பிறந்ததையும் பரிட்சையில் தேறியதையும் கொண்டுவந்து சர்க்கரை வாங்கித் தின்ற அந்த வாயை இப்போது எல்லோரும் ஒருமாதிரிப் பார்த்தார்கள். சென்னியப்பன் ஒரு பாயையும் ரெண்டு வேட்டியையும் சுருட்டிக்கொண்டு வின்ச்சில் ஏறி உச்சிக்குப் போனவர், பிறகு கீழே இறங்கவில்லை. ஷெட்டிலேயே பொங்கித் தின்று அங்கேயே படுத்துக்கொண்டார்.

மயிலாத்தாள் வீட்டில் தனியாக இருந்தாள். நினைத்தது சரி என்று ஆகிவிட்டால் மனசு நிம்மதியாகும் என்று நினைத்திருந்தாள். நிம்மதி வரவில்லை. காய் நறுக்கும்போது அளவு தெரியாமல் ரெண்டு பேருக்கு நறுக்கிவிட்டு, தன்மேலேயே எரிச்சல்பட்டாள். நான் வரச்சொல்லல. அந்த ஒரு வார்த்தையை அவர் இதற்குமுன் சொன்னதே இல்லை என்பது வேறு அவளை அரித்தது. போனே வரவில்லை என்கிறவன், வரச்சொல்லவில்லை என்று எப்படிச் சொல்வான்? அப்படியென்றால் போன் வந்திருக்கிறது. வந்திருந்தால் வேறு என்னதான் சொன்னார்?

அவளுடைய சொந்தப் போனைப் பற்றி அவள் யோசித்ததே இல்லை. அவளைக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. அரியரும் எப்போதோ ஒன்று, தவறின எண்ணும் விளம்பரமும்தான். தம்பிதான் கோபத்தில் இருந்தானே, அவன் எதற்குக் கூப்பிடப்போகிறான்?

ஒருநாள் மத்தியானம், சுள்ளென்று வெயில் அடிக்க, ரேஷன் வண்டி வரும் நாள் என்பதால் காலனியே மன்றத்து வராந்தாவில் பையோடு உட்கார்ந்திருந்தபோது, கேரம் மேசையில் ஒரு போன் அடித்தது. பெருக்கிக்கொண்டிருந்த மயிலாத்தாள் எட்டிப் பார்த்தாள். அவளுடையது. திரையில் 'தம்பி' என்றிருந்தது.

எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்றுதான் முதலில் அவள் கை போனது. ஆனால் வேதமுத்து பார்த்துவிட்டார், மேசையைத் தட்டிவிட்டார், எல்லோரும் எழுந்து வந்து சூழ்ந்துவிட்டார்கள். சட்டம் அவள் போட்ட சட்டம். ஸ்பீக்கரை அவளே அழுத்தினாள்.

மழைச் சத்தம் மன்றம் முழுக்கக் கொட்டியது. வெளியே வெயிலில் காகம் கத்திக்கொண்டிருந்தது.

"அக்கா, நாந்தான். கேக்குதா?"

"கேக்குது சாமி" என்றாள்.

"அப்பாடா. கெடைக்குமோ கெடைக்காதோன்னு போட்டேன். இன்னுங் கோவமா இருக்கறயா?"

"இல்ல கண்ணு. இல்ல."

"இப்பத்தான் மாமாகிட்டப் பேசுனேன், பையோட கீழ எறங்கப்போறேன்னாரு. மலையில மண்ணு சரியுதாம். கெளம்பாதடா, காதுகுத்த இன்னொரு நாள் பாத்துக்கலாம், உங்கக்காள நான் சமாதானம் பண்ணிக்கறேன்னாரு. நானும் சரிங் மாமா, சரிங் மாமான்னு சொல்லிப்போட்டேன். வெச்சதுக்கப்பறம் மனசு கேக்கலக்கா. வரலீன்னாத் தம்பியே இல்லீன்னு அன்னைக்கு நீ சொல்லிப்போட்டயில்ல. மாமா சொன்னா ஆச்சா, நீ சொல்லோணும். நீ வேண்டாம்னா நான் வரல. நீ ஒரு வார்த்த சொல்லு."

லில்லிபுஷ்பம் வாயைப் பொத்திக்கொண்டாள். மயிலாத்தாள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் அந்த மழைச் சாயங்காலத்தில் இந்தக் கேள்வி மலையைத் தாண்டி உள்ளே வரமுடியாமல் திரும்பிப் போயிருக்கிறது. அக்காளுடைய ஒரு வார்த்தை கிடைக்கவில்லை, இன்னும் கோபமாகத்தான் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டுதான் அவன் வண்டியை எடுத்திருக்கிறான். மாமன் சொல்லியும் கேட்காமல் அவனைக் கிளப்பியது அவள் சொன்ன சொல். அதை அவள் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் அந்த மனுஷன் இத்தனை வருஷம் கொலைகாரன் பட்டத்தைச் சுமந்துகொண்டு, போனே வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"வேண்டாஞ் சாமி" என்றாள். "வராத. நாம் பேசுனது தப்பு. நீ எப்பவும் என்ற தம்பிதான். வராத கண்ணு, ஊட்டுக்குள்ளயே இரு."

"நெசமாவா?"

"சத்தியமா."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை எல்லோரும் கேட்டார்கள். "அப்பச் செரிக்கா. வரல. வண்டிய உள்ள நிறுத்திர்றேன். நானும் எப்படிடா இந்த மழையில போறதுன்னு பயந்துட்டுத்தான் இருந்தேன். நீ சாப்ட்டயா?"

"சாப்ட்டேன்."

"மாமாகிட்டச் சொல்லிரு, நான் வரலீன்னு. வெச்சர்றேன்."

மழை நின்றது. வேதமுத்து பழக்கத்தில் வாயைத் திறந்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லை. ஒவ்வொருவராக வெயிலில் இறங்கிப் போனார்கள். ரேஷன் வண்டி வந்து ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது, அதன் பக்கம் யாரும் போகவில்லை.

மயிலாத்தாள் வின்ச் அடிக்கு நடந்துபோய் மேலே தெரிவிக்கிற மணியை அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் காலி வண்டி இறங்கி வந்தது. ஏறி உட்கார்ந்தாள். வடம் இறுகி, வண்டி குழாய்களின் பக்கமாக மெல்ல ஏற, கீழே காலனி சிறுத்துக்கொண்டே போக, அவள் மன்னிப்புக் கேட்பதற்கு வார்த்தை தேடினாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, ஒவ்வொன்றும் போதாது என்று மலைச்சரிவிலேயே விட்டுக்கொண்டு போனாள். உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

சென்னியப்பன் மெஷினை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். மெலிந்திருந்தார். அவளைப் பார்த்ததும் வழக்கமான கேள்விக்கு வழக்கமான பதிலைச் சொல்லத் தயாராக நின்றார்.

"தம்பி போன் பண்ணுனான்" என்றாள் மயிலாத்தாள். "அவன் வரலீங்களாம்."

சென்னியப்பன் அங்கேயே, தண்டவாளத்தின் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தார்.

"நானும் அதத்தான் புள்ள சொன்னேன்" என்றார். "காலைல உங்கிட்டச் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்."